கேள்வி – பதில்: காணாத விண்மீன்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

சென்ற இதழில் 'எலைட் டேஞ்சரஸ்' விளையாட்டைப் பற்றிய அறிமுகக் கட்டுரை வெளியானதைத் தொடர்ந்து வாசகர்களிடமிருந்து கணிசமான கடிதங்கள் வந்துள்ளன. கேம்பிரிட்ஜில் இயங்கும் ஃப்ரன்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பர் 16 அன்று வெளியிட்ட இந்த விண்வெளிப் பாவனை விளையாட்டு, நம் பால்வீதி மண்டலத்தை அதன் மெய்யான அளவில், ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் தொகுதிகளுடன், கணினிக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதில் சண்டையிடலாம், சரக்கு ஏற்றலாம், சுரங்கம் தோண்டலாம் என்றாலும், எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பது ஆய்வுப் பயணத்தைப் பற்றித்தான். ஆகவே இம்முறை பதில்கள் முழுவதும் அதற்கே.

கேள்வி: புதிய விண்மீன் தொகுதிக்குள் நுழைந்தவுடன் ஸ்கேனர் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறேன், கப்பல் ஊதுவதுபோல் பெரிய ஒலியும் எழுகிறது. ஆனால் வரைபடத்தைத் திறந்தால் விண்மீனைத் தவிர ஏறக்குறைய எதுவும் இல்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தவறு எதுவுமில்லை. வேலையின் முதல் பாதியைச் செய்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறீர்கள். அந்த ஊதல், தொகுதியில் எத்தனை பொருட்கள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையைச் சொல்லும். மிக அருகில் இருப்பவற்றைக் காட்டவும் செய்யும். மற்றவற்றை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். அதற்கான கருவியே முழு அலைவரிசை ஸ்கேனர். வீரர்கள் அதைச் சுருக்கமாக எஃப்.எஸ்.எஸ். என்பார்கள். கப்பல் சூப்பர்குரூஸில், அதாவது ஒரு தொகுதிக்குள் கோளுக்குக் கோள் விரைந்து பறக்கும் நிலையில், இருக்கும்போது வேகத்தைக் குறைத்து நிறுத்திவிட்டு அதைத் திறந்தால், நீல நிறப் புகைபோல் சில திட்டுகள் தெரியும்; திரையின் அடியில் ஒரு நீண்ட பட்டையில் சிறிதும் பெரிதுமாக முகடுகள் எழுந்திருக்கும். ஒவ்வொரு முகடும் ஒரு வகைப் பொருளைக் குறிக்கிறது. அலைவரிசையை அந்த முகட்டுக்குக் கொண்டுசென்று, பிறகு உரிய திட்டின்மேல் குறிவைத்துப் பெரிதாக்கினால், கோள் முழு உருவத்துடன் எழுந்து நிற்கும்.

சிற்றலை வானொலியில் இலங்கை நிலையத்தைப் பிடிப்பதற்காகத் திருகைக் கடுகளவு நகர்த்திப் பழகிய தலைமுறைக்கு இது விளக்கம் தேவைப்படாத வேலை. உங்கள் வயதினருக்கு ஒரே ஒரு குறிப்பு: முகடுகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகாமல், பட்டையை முதலில் ஒரு முறை படித்துவிடுங்கள். பாறைக் கோள்களும் உலோகக் கோள்களும் இடப்பக்கம் விழும்; வாயுப் பெருங்கோள்கள் வலது கோடியில் நிற்கும்; நீர்க்கோளும் பூமியை ஒத்த கோளும் அவற்றுக்குச் சற்று முன்னால் வரும். ஒரு மாதம் பழகினால், எதையும் பெரிதாக்காமலேயே இந்தத் தொகுதியில் நிற்பதா, அடுத்ததற்குத் தாவுவதா என்று பத்து நொடிக்குள் முடிவெடுக்க முடியும். என் கணிப்பில் ஆய்வுப் பயணியின் திறமை என்பது பெரும்பாலும் இந்தப் பத்து நொடிதான். ஒவ்வொரு கோள் வகைக்கும் தனித்தனி ஒலி அமைத்திருக்கிறார்கள் என்பதால், காதில் ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது.

கேள்வி: ஏழெட்டு ஆண்டுகள் விளையாடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். முன்பு உயர்நிலை ஸ்கேனரை ஒரு தடவை இயக்கினால் தொகுதி முழுவதும் கண்முன் விரியும். இப்போது ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வைக்கிறார்கள். இது முன்னேற்றமா? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: இந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பு உண்டு, இரண்டிலும் நியாயம் இருக்கிறது. புதியவர்களுக்காகப் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் மூன்று தரத்தில் கண்டறியும் ஸ்கேனர்கள் இருந்தன. அவை எட்டும் தூரம் முதல் தரத்துக்கு 500 ஒளிநொடி (ஒளிநொடி என்பது ஒளி ஒரு நொடியில் கடக்கும் தூரம்), இரண்டாவதற்கு 1,000 ஒளிநொடி, மூன்றாவதற்கு எல்லையே இல்லை. விலை உயர்ந்த மூன்றாவதை வாங்கிவிட்டால் முதல் இரண்டும் பரணில் போட வேண்டியவையே. கோள்கள் எங்கே இருக்கின்றன என்பது ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஆனால் ஒரு கோளின் விவரம் தெரிய வேண்டுமானால் அதன் அருகே பறந்தே ஆக வேண்டும். இரண்டாம் விண்மீன் இரண்டு லட்சம் ஒளிநொடிக்கு அப்பால் இருந்தால், அதைச் சுற்றும் கோள்களைப் பார்ப்பதற்குள் தேநீர் போட்டுக் குடித்து முடித்துவிடலாம். இதனால் அத்தகைய கோள்களைப் பலரும் பார்க்காமலே விட்டுவிட்டுப் போனார்கள்.

2018 டிசம்பர் 11 அன்று வந்த 'பியாண்ட்' மேம்பாட்டுத் தொடரின் நான்காம் பகுதி இந்த முறையைத் தலைகீழாக்கியது. எங்கே இருக்கிறது என்பதைத் தேட வேண்டும். கண்டுபிடித்துவிட்டால், என்ன என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிந்துகொள்ளலாம். உங்களுக்குப் பறிபோனது அந்த முதல் பார்வை: தொகுதியின் படம் முழுவதையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்த்து, வளையமுள்ள கோளையோ ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றும் இரட்டை நிலவுகளையோ கண்ணால் பொறுக்கி எடுக்கும் இன்பம். காட்சிகளைத் தேடி அலைந்த பழைய பயணிகளுக்கு அது பெரிய இழப்புதான், அவர்கள் அன்று எழுப்பிய எதிர்ப்புக் குரலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் புதிய முறையின் பக்கமே நிற்கிறேன். பழைய முறையில் பயணியின் நேரத்தில் பெரும்பங்கு நேர்கோட்டில் பறப்பதற்குச் செலவானது. இப்போது அந்த நேரம் பார்ப்பதற்குச் செலவாகிறது.

கேள்வி: கோளின் மேற்பரப்பை வரைபடமாக்க ஏவும் புரோப்களில் பாதி வீணாகின்றன. கோளின் மறுபக்கத்தை எப்படி எட்டுவது? (மதுரை)

பதில்: புரோப் என்னும் அந்தச் சிறு ஆய்வுக் கருவி, ஏவப்பட்ட பின் கோளின் ஈர்ப்புக்கு வளைந்து செல்லும். எனவே கோளின் முகத்துக்கு நேராகச் சுடாமல், விளிம்புக்குச் சற்று வெளியே வெற்றிடத்தில் குறிவையுங்கள். புரோப் வளைந்து பின்பக்கத்தில் விழும். எவ்வளவு வெளியே என்பது கோளின் அளவையும் உங்கள் தூரத்தையும் பொறுத்தது, அது கைப்பழக்கத்தில்தான் வரும். புரோப்களுக்குக் கணக்கு இல்லை, எத்தனை வேண்டுமானாலும் ஏவலாம்; ஆனால் திரையில் காட்டப்படும் இலக்கு எண்ணிக்கைக்குள் முடித்தால் கூடுதல் தொகை கிடைக்கும். வாயுப் பெருங்கோளுக்கு இந்தச் சிரமம் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதன் வளையத்துக்கு மட்டும் ஒன்று போதும்.

கேள்வி: தொகுதிகளின் பெயர்கள் 'ஸ்டூமே எஃப்ஜி-ஒய் டி7561' என்பது போல வாயில் நுழையாதவையாக இருக்கின்றன. இவற்றுக்குப் பொருள் உண்டா, அல்லது கணினி கிறுக்கிய எழுத்துகள்தானா? (வங்கி ஊழியர், கோவை)

பதில்: பொருள் உண்டு. அதைத் தெரிந்துகொண்டவர் கையில் இன்னொரு ஸ்கேனர் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். முதலில் வரும் சொல், மண்டலத்தில் அந்தத் தொகுதி அமைந்த வட்டாரத்தின் பெயர். ஒவ்வொரு வட்டாரமும் 1,280 ஒளியாண்டு பக்கமுள்ள ஒரு கனசதுரம். இடையில் வரும் மூன்று எழுத்துகளும் அந்தக் கனசதுரத்துக்குள் எந்தச் சிறு கட்டம் என்பதைச் சொல்கின்றன. கடைசி எண்ணுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் ஒற்றை எழுத்துதான் முக்கியமானது. ஆங்கில வரிசையில் ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகளில் ஒன்று அங்கே இருக்கும். அது தொகுதியின் மொத்த நிறையைக் காட்டும் குறி. ஏ என்றால் 10 ஒளியாண்டு கட்டத்தில் பிறந்த மிக எளிய தொகுதி, பெரும்பாலும் பழுப்புக் குறுமீன் அல்லது மங்கிய சிவப்பு விண்மீன். ஒவ்வொரு படியிலும் கட்டத்தின் அளவு இரட்டிக்கும். எச் என்பது முழு 1,280 ஒளியாண்டு கட்டத்தின் பெரும்பூதங்களுக்கு உரியது, கருந்துளைகளும் அதில் அதிகம்.

எனவே பூமியை ஒத்த கோள்களைத் தேடுகிறவர் டி எழுத்துள்ள தொகுதிகளில் கவனம் செலுத்துவார், ஏனெனில் நம் சூரியனைவிடச் சற்றே சூடான எஃப் வகை விண்மீன்கள் அங்கே நிறைய வரும். கருந்துளை வேண்டுகிறவர் எச், ஜி, எஃப் என்று இறங்கி வருவார். நீங்கள் எடுத்துக்காட்டிய பெயர் தற்செயலாக அமைந்ததா, தெரிந்தே எழுதினீர்களா என்று புரியவில்லை; பால்வீதியின் மையத்துக்கு அருகே, 2019இல் 'டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2' கூட்டுப் பயணத்தின்போது ஆய்வாளர்களுக்கென ஒரு விண்நிலையம் எழுந்த தொகுதி அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் அந்த ஆண்டு ஜனவரியில் புறப்பட்டு, மண்டலத்தின் மறுகோடியில், பூமியிலிருந்து ஏறத்தாழ 65,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பீகிள் பாயின்ட் வரை சென்ற பயணம் அது.

கேள்வி: வேற்றுக்கோள் உயிரினங்களைச் சேகரித்துப் பணம் ஈட்டலாம் என்கிறார்கள். இரண்டு மணி நேரம் நடந்தும் எனக்கு ஒரு மாதிரி முழுமையாகவில்லை. (இல்லத்தரசி, யாழ்ப்பாணம்)

பதில்: 2015 இறுதியில் வந்த 'ஹொரைசன்ஸ்' விரிவாக்கம் காற்றில்லாக் கோள்களில் இறங்க வழி செய்தது, 2021 மே 19 அன்று வந்த 'ஒடிசி' விரிவாக்கம் மெல்லிய வளிமண்டலம் உள்ள கோள்களையும் திறந்துவிட்டதோடு, கப்பலைவிட்டு இறங்கி நடக்கவும் வைத்தது. உயிரின ஆய்வு அதன் பகுதிதான். இதற்கு ஆர்ட்டெமிஸ் என்னும் உடையும் அதனுடன் வரும் மாதிரி எடுக்கும் கருவியும் வேண்டும். ஓர் இனத்தை முழுமையாகப் பதிவதற்கு மூன்று இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும், அந்த மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று போதிய தூரத்தில் இருக்க வேண்டும். ஒரே வேரிலிருந்து படர்ந்த கன்றுகளில் மூன்று மாதிரி எடுத்தால் மூன்றும் ஒன்றுதானே. மரபணுவில் வேறுபாடு வேண்டும் என்பதற்காகவே இந்தத் தூரக் கணக்கு.

நீங்கள் சறுக்கிய இடம் இதுவாகத்தான் இருக்கும். தூரம் எல்லா இனங்களுக்கும் ஒன்றல்ல. அலியோய்டாவுக்கு 150 மீட்டர் போதும், புல்லைப் போன்ற டஸ்ஸக்குக்கு 200, தரையில் கறையாகப் படர்ந்திருக்கும் பாக்டீரியத்துக்கு 500, ஆஸியஸுக்கு 800, பனிக்கோள்களில் மின்னும் எலெக்ட்ரிகேவுக்கு முழுதாக 1,000 மீட்டர். இன்னொரு பொறியும் உண்டு: ஓர் இனத்தில் இரண்டு மாதிரி எடுத்துவிட்டு, வழியில் தென்பட்ட வேறோர் இனத்தில் கை வைத்தால், முதல் இரண்டும் அழிந்துபோகும். அவசரப்பட்டு இப்படிக் கெடுத்துக்கொள்ளாதவர் மிகச் சிலரே.

தேடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ். கருவியிலேயே ஒரு கோளில் எத்தனை உயிரினக் குறிகள் உள்ளன என்பது தெரிந்துவிடும். பிறகு புரோப் ஏவி வரைபடமாக்கினால் எந்தப் பேரினங்கள் என்று பெயர் வரும். பெயர்களைப் பார்த்துவிட்டு இறங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யுங்கள். வரைபடத்தில் நிறம் படிந்த பகுதி, அந்த இனம் அங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று அல்ல, அங்கே வளரத் தகுந்த நிலம் இருக்கிறது என்பதையே அது சொல்கிறது. மலைச்சரிவை விரும்பும் இனத்தைச் சமவெளியில் தேடினால் நடை மட்டுமே மிச்சம். பாக்டீரியம் வகைகளில் மலிவானவை 10 லட்சம் கிரெடிட் (விளையாட்டிலுள்ள நாணயம்) அளவில் நின்றுவிடும். உலோகச் செறிவுள்ள, மிகவும் குளிர்ந்துவிடாத கோள்களில் வாழும் ஸ்ட்ராட்டம் டெக்டோனிகாஸ் ஒன்றுக்கு 1,90,10,800 கிரெடிட். அந்த இனத்தை அந்தக் கோளில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் நீங்களானால் தொகை ஐந்து மடங்காகும். நடந்து தேடுவதைவிடக் கப்பலை முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில் மெல்ல ஓட்டிக்கொண்டே பார்ப்பதுதான் பலருக்கும் கைகொடுக்கிறது.

கேள்வி: மூன்று வாரம் சேகரித்த ஆய்வுத் தரவு, கப்பல் வெடித்ததில் ஒரே நொடியில் போய்விட்டது. காப்பீட்டில் கப்பல் திரும்பக் கிடைத்தது, தரவு கிடைக்கவில்லை. இது என்ன நியாயம்? (திருநெல்வேலி)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. மையப் பகுதியிலிருந்து திரும்பும் வழியில், ஈர்ப்பு மிகுந்த ஒரு கோளில் சும்மா ஒரு படம் எடுக்கலாமே என்று இறங்கி, கப்பலின் அடிப்பாகத்தைத் தரையில் அறைந்து, ஒரு மாதத்துக்கும் மேலான உழைப்பை நானே பறிகொடுத்திருக்கிறேன். அந்தப் படமும் எடுக்கவில்லை.

ஆனால் விதியை நான் குறை சொல்ல மாட்டேன். கண்டது உங்கள் கப்பலில் மட்டும் இருக்கும்வரை அது யாருக்கும் தெரியாத செய்தி. ஆய்வுத் தரவை வாங்கும் யுனிவர்சல் கார்ட்டோகிராஃபிக்ஸ் அலுவலகத்தில் ஒப்படைத்த பிறகே அந்தத் தொகுதியின்மேல் 'முதலில் கண்டவர்' என்று உங்கள் பெயர் ஏறும். உயிரின மாதிரிகளுக்கு விஸ்டா ஜெனோமிக்ஸ். இடையில் வேறொருவர் அதே தொகுதியைக் கண்டு உங்களுக்கு முன்னால் ஒப்படைத்துவிட்டால் பெயர் அவருடையதுதான். கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு இல்லையென்றால், 25,900 ஒளியாண்டு கடந்து மையத்திலுள்ள சஜிட்டேரியஸ் ஏ கருந்துளையை எட்டுவதற்கும் பக்கத்துத் தொகுதிக்குப் போய் வருவதற்கும் வேறுபாடு இராது.

இழப்பைக் குறைக்க வழிகள் உண்டு. 2020 ஜூனில் அறிமுகமான தாய்க்கப்பல்கள், ஒரே தாவலில் 500 ஒளியாண்டு போகக்கூடியவை, மண்டலத்தின் பல மூலைகளில் ஆய்வாளர்களுக்காக நிறுத்தப்பட்டிருக்கின்றன. தொகையில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு அங்கேயே தரவை வாங்கிக்கொள்ளும் வசதி அவற்றில் பலவற்றில் இருக்கிறது. ஈர்ப்பு பூமியைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் உள்ள கோளில் இறங்கும்போது மூக்கைக் கீழே குத்தாமல், கப்பலைச் சமமாக வைத்துக்கொண்டு மெல்ல இறக்குங்கள். படம் எடுக்க ஆசைப்பட்டால் முதலில் தரவை விற்றுவிடுங்கள்.

கேள்வி: நடுவழியில் எரிபொருள் தீர்ந்தால் என்ன செய்வது? (பள்ளி மாணவர், சேலம்)

பதில்: தீராமல் பார்த்துக்கொள்வதே முதல் வழி. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் ஆகிய ஏழு வகை விண்மீன்களின் அருகில்தான் ஸ்கூப் என்னும் அள்ளும் கருவி மூலம் எரிபொருளை நிரப்ப முடியும். விண்மீன் வரைபடத்தில் வழி போடும்போதே இந்த ஏழு வகைகளை மட்டும் தேர்ந்துகொண்டால் பழுப்புக் குறுமீன்களின் காட்டில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். அதையும் மீறித் தீர்ந்துபோனால், 'ஃப்யூவல் ராட்ஸ்' என்றொரு வீரர் குழு இருக்கிறது. 2015 முதல், எந்தக் கட்டணமும் பெறாமல், எரிபொருள் கொண்டுவந்து மீட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். கப்பலில் உயிர்வளிக் கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தால் உடனே விளையாட்டிலிருந்து வெளியேறி முதன்மைப் பட்டியலுக்கு வந்துவிட்டு அதன் பிறகு அவர்களைக் கூப்பிடுங்கள். வெளியே இருக்கும்போது கடிகாரம் ஓடாது.

கேள்வி: நெடும்பயணத்துக்கு எந்தக் கப்பல் நல்லது? அண்மையில் வந்தவற்றில் ஏதேனும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுமா? (சிங்கப்பூர்)

பதில்: நெடுங்காலம் இக்கேள்விக்கு மூன்றே விடைகள் இருந்தன: பணம் குறைந்தவர் டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர், நடுத்தரம் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர், செல்வர் அனகோண்டா. 2024 அக்டோபரில் வந்த மாண்டலே அந்தப் பட்டியலைக் கலைத்துவிட்டது. நன்றாக மேம்படுத்தினால் ஒரே தாவலில் 80 ஒளியாண்டைத் தாண்டும். உடல் சிறிது என்பதால், அனகோண்டாவுக்கு இடம் கிடைக்காத கரடுமுரடான நிலத்திலும் இறங்கும். உயிரின ஆய்வு செய்கிறவருக்கு இந்த இரண்டாவது குணமே பெரிது.

இன்னொரு மாற்றம், 2024 மே மாதம் வந்த ஓவர்சார்ஜ் வகை ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ், அதாவது கப்பலைத் தாவவைக்கும் எந்திரத்தின் புதிய வகை. ஒரு தொகுதிக்குள்ளேயே தொலைவிலுள்ள கோளை எட்ட எடுக்கும் நேரத்தை அது வெகுவாகக் குறைக்கிறது. ஆல்ஃபா சென்டாரியிலுள்ள ஹட்டன் ஆர்பிட்டல் நிலையம், தொகுதிக்குள் நுழையும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அங்கே போனால் அனகோண்டா இலவசம் என்று பொய் சொல்லிப் புதியவர்களை ஒன்றரை மணி நேரம் பறக்கவைப்பது பழைய வீரர்களின் வாடிக்கைக் குறும்பு. புதிய டிரைவ் வந்து அந்தக் குறும்பின் சுவையைக் கெடுத்துவிட்டது. ஆனால் அது எரிபொருளையும் குடிக்கும், கப்பலையும் கொதிக்கவைக்கும். பழைய கப்பல்களில் பொருத்தினால் தடுமாறவும் செய்யும். மாண்டலே போன்றவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை.

தாவும் தூரத்தை வழியிலேயே பெருக்கிக்கொள்ளவும் முடியும். நியூட்ரான் விண்மீனின் துருவங்களிலிருந்து பீறிடும் கூம்புக்குள் நுழைந்து வெளிவந்தால், அடுத்த தாவல் ஒன்று மட்டும் நான்கு மடங்கு நீளும். ஒவ்வொரு முறையும் டிரைவ் சற்றே பழுதாகும் என்பதால் பழுதுநீக்கும் கருவி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். வெண்குறுமீன்களின் கூம்பை நாட வேண்டாம். ஆபத்தோ அதிகம், தூரமோ ஒன்றரை மடங்குதான்.

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் அதில் கிடைக்குமா? (திருப்பூர்)

பதில்: 2018இல் வந்த ஸ்கேனர்களும் புரோப்களும் கிடைக்கும். 'ஒடிசி'யும் அதன் பிறகு வந்தவையும் கிடைக்காது. கேம் கன்சோல்களுக்கான மேம்பாட்டை நிறுத்துவதாக நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் விளையாட்டு இரண்டாகப் பிரிந்து, கன்சோல் வீரர்கள் பழைய மண்டலத்திலேயே நின்றுவிட்டார்கள். புதிதாக வாங்குவதானால் கணினிக்கே வாங்குங்கள்.

கேள்வி: 2025 முதல் யார் வேண்டுமானாலும் தொகுதிகளை உரிமை கொண்டாடி நிலையங்கள் கட்டலாம் என்றாகிவிட்டது. இனி ஆய்வாளனுக்கு என்ன வேலை? எல்லாம் பட்டாப் போட்டு விற்ற மனை மாதிரி ஆகிவிடாதா? (ஓய்வுபெற்ற நில அளவையர், தஞ்சாவூர்)

பதில்: நில அளவையரிடமிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பது பொருத்தம்தான். 2025 பிப்ரவரி 26 அன்று வந்த 'டிரெயில்பிளேசர்ஸ்' மேம்பாடு குடியேற்றத்தைத் தொடங்கிவைத்தது. மக்கள் குடியிருக்கும் தொகுதி ஒன்றிலிருந்து சில ஒளியாண்டு தூரத்துக்குள் இருக்கும் ஆளில்லாத தொகுதிக்கு உரிமை கோரி, குறித்த கெடுவுக்குள் டன் டன்னாகச் சரக்கு சுமந்து முதல் நிலையத்தைக் கட்டி முடித்தால், அதன் சிற்பி என்ற உரிமை உங்களுக்கு. அங்கிருந்து அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று சங்கிலிபோல் நீட்டிக்கொண்டு போகிறார்கள்.

நீங்கள் அஞ்சுவதற்கு நேர் எதிராக, அளப்பவரின் மதிப்பு கூடியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. எந்தக் கோளில் இறங்க முடியும், எதற்கு வளையம் இருக்கிறது, எத்தனை கட்டுமான இடங்கள் அமையும் என்பதெல்லாம் தெரியாமல் உரிமை கோருகிறவர், கிணறு இல்லாத நிலத்தை வாங்கியவர் போல. முன்பு ஆய்வாளர் கொண்டுவந்த தரவுக்குப் பெயரும் பணமும் மட்டுமே கைம்மாறாக இருந்தன, அந்தத் தொகுதியை யாரும் மறுபடி எட்டிப்பார்ப்பதில்லை. இப்போது அதைப் படித்துவிட்டு வீடு கட்ட ஆள் வருகிறார்கள். நீங்கள் முதலில் கண்ட தொகுதியில் வேறொருவர் நிலையம் கட்டினாலும் உங்கள் பெயர் அழியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இடம் தீர்ந்துவிடும் என்ற கவலைக்கு ஒரு கணக்கு. ஒரு நொடிக்கு ஒரு தொகுதி என்ற வேகத்தில் இரவும் பகலும் நிற்காமல் பார்த்துக்கொண்டே போனாலும், 40,000 கோடியையும் பார்த்து முடிக்க 12,600 ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு லட்சம் ஒளியாண்டு குறுக்களவுள்ள மண்டலத்தில், மனிதர் குடியிருக்கும் முதன்மைப் பகுதி சில நூறு ஒளியாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையான மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது: முன்பெல்லாம் கூட்டத்தைவிட்டு ஆயிரம் ஒளியாண்டு போனாலே தனிமை கிடைத்தது, இப்போது பிரபலமான பாதைகளில் அதற்கு இன்னும் தொலைவு போக வேண்டியிருக்கிறது. அதை நானும் உணர்கிறேன்.

கேள்வி: வானியல் பாடம் நடத்த இதைப் பயன்படுத்தலாமா? இதில் எது உண்மை, எது கற்பனை? (அறிவியல் ஆசிரியை, புதுச்சேரி)

பதில்: பயன்படுத்தலாம், எல்லையைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். வானியல் அட்டவணைகளில் உள்ள ஒரு லட்சத்துக்கும் அதிகமான உண்மை விண்மீன்கள் அவற்றின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. மீதியை 'ஸ்டெல்லார் ஃபோர்ஜ்' என்னும் நிரல், அந்தந்தப் பகுதியில் உள்ள நிறை, வயது, வேதிக் கூறுகள் ஆகியவற்றைக் கொண்டு இயற்பியல் விதிப்படி உருவாக்குகிறது. அதன் திறமைக்கு ஒரு சுவையான சான்று உண்டு. பூமியிலிருந்து சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனை ஏழு கோள்கள் சுற்றுவதாக 2017 பிப்ரவரியில் அறிவியலாளர்கள் அறிவித்தபோது, விளையாட்டில் அந்த வட்டாரத்திலேயே ஏழு கோள்களுடன் ஒரு பழுப்புக் குறுமீன் ஏற்கெனவே இருந்தது. அதைத் திருத்தி டிராப்பிஸ்ட்-1 ஆக்கிக்கொண்டார்கள்.

வகுப்பில் காட்டத் தகுந்தவை பல: இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவது, சூரியனுக்கு அடுத்த விண்மீனிலிருந்து நாம் எவ்வளவு தனித்திருக்கிறோம் என்பது, ஒளிநொடிக் கணக்கில் கோள்களின் இடைவெளி. காட்டக்கூடாதது, அல்லது காட்டிவிட்டுத் திருத்த வேண்டியது, நடுமையக் கருந்துளை. விளையாட்டில் சஜிட்டேரியஸ் ஏ பின்னணி விண்மீன்களின் ஒளியை வளைக்கும் வெறும் கரும்புள்ளியாகவே நிற்கிறது. 2022 மே மாதம் ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் கூட்டமைப்பு வெளியிட்ட படத்தில் அதைச் சூழ்ந்து ஒளிரும் வாயு வளையம் இருப்பதை மாணவர்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக் காட்டுங்கள். இன்னொன்று: நம் சூரியத் தொகுதிக்குள் நேரே நுழைய முடியாது, விளையாட்டிலுள்ள கூட்டரசில் ஒரு தகுதிநிலை பெற்று அனுமதி வாங்க வேண்டும். வாயேஜர் விண்கலங்கள் இரண்டையும் அங்கே தேடிப் பார்க்கலாம் என்பதால் அந்த உழைப்பு வீண் போகாது. வகுப்பறையில் இணைய இணைப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக விளையாடினாலும் இது இணையமின்றி இயங்காது.

கேள்வி: ஜாய்ஸ்டிக் வாங்கியே ஆக வேண்டுமா? (ஈரோடு)

பதில்: ஆய்வுக்கு வேண்டியதில்லை. அலைவரிசைப் பட்டையைத் திருகுவதற்கும் திட்டுகளைக் குறிவைப்பதற்கும் மவுஸே வசதி. ஈர்ப்பு மிகுந்த கோள்களில் இறங்கும்போது மட்டும் ஜாய்ஸ்டிக் கையில் இருந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.